குழாயில் பிறந்து எலும்பில் குடியேறியது

குளியல் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சடித்த சேர்மானப் பட்டியலின் கடைசி வரிகளில், எடிட்ரோனிக் ஆசிட் என்றோ டெட்ராசோடியம் எடிட்ரோனேட் என்றோ ஒரு பெயர் பல சோப்புகளில் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், இரும்பு போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகச் சேர்ப்பது அது. இதே பொருள்தான் 1977-ல் அமெரிக்காவில் எலும்பு நோய் ஒன்றுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. எலும்பு மெலிவுக்கு வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் போடச் சொல்லும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் மருந்தும் இதன் நெருங்கிய பங்காளிகள். குடும்பப் பெயர் பிஸ்பாஸ்போனேட்.

இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த வேலை இரண்டுதான். கால்சியம் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் நடக்கும் காரியத்தை நிறுத்தும். குழாய், இடுப்பெலும்பு, தாடை, தாடையில் முறுக்கிய டைட்டேனியம் திருகு என்று எங்கே போனாலும் அது இதைத்தான் செய்தது. இடத்துக்கு இடம் அதற்குக் கிடைத்த பெயர்தான் மாறியது.

சாயக்காரர் வீட்டுப் பிள்ளை

இவ்வகைச் சேர்மம் முதன்முதலில் உருவானது 1865-ல். செய்தவர் மென்ஷுட்கின் என்ற ரஷ்ய வேதியியலாளர், இடம் ஜெர்மனி. எடிட்ரோனேட்டை 1897-ல் செய்தவர்களில் ஒருவர் அடால்ஃப் ஃபான் பேயர். அவுரிச் செடியிலிருந்து மட்டுமே கிடைத்துவந்த நீலச் சாயத்தை ஆய்வகத்தில் செய்து காட்டி, வங்காளம் முதல் தமிழகம் வரை அவுரி விவசாயம் படுத்துப்போவதற்கு வழி வகுத்த அதே பேயர்தான். சாயம் அவருக்குப் புகழையும் 1905-ல் நோபல் பரிசையும் கொண்டுவந்தது. எடிட்ரோனேட்டை அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் அதற்கு வேலை கொடுத்தன. கொதிகலனிலும் குழாயிலும் ஓடும் தண்ணீரில் கால்சியம் கார்பனேட் படிகமாக வளர்ந்து, உட்சுவரில் வெள்ளைப் படிவாக ஏறும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஓடும் கீசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் படிவைத் தெரியும். தண்ணீரில் மிகச் சிறிதளவு பிஸ்பாஸ்போனேட்டைக் கலந்தால், அது வளரத் தொடங்கும் படிகத்தின் மேல் ஒட்டி, மேற்கொண்டு வளரவிடாமல் செய்துவிடும். நெசவாலை, உரத் தொழிற்சாலை, எண்ணெய்க் கிணறு என எங்கெல்லாம் படிவும் துருவும் தொல்லை தந்தனவோ, அங்கெல்லாம் இதைப் பயன்படுத்தினார்கள். மனித உடம்புக்குள் போகவேண்டிய காரணம் எதுவும் அதுவரை இருக்கவில்லை.

டாவோஸ்

அந்தக் காரணத்தைக் கண்டவர் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர். 1960-களின் தொடக்கத்தில் அவரைக் குடைந்த கேள்வி நேரானது. நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏராளமாக இருக்கின்றன. பிறகு ஏன் ரத்தக்குழாய் சுண்ணாம்பாகிப்போகவில்லை? ஏன் எல்லோருக்கும் சிறுநீரகக் கல் வரவில்லை? எதுவோ தடுக்கிறது. தேடியபோது கிடைத்தது பைரோபாஸ்பேட். இரண்டு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக நிற்கும் எளிய மூலக்கூறு அது. ஆலைகளும் தண்ணீர்ப் படிவைத் தடுக்க இதன் உறவினர்களைத்தான் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தன.

பைரோபாஸ்பேட்டை மருந்தாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கொடுத்தால் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் நடுவிலிருக்கும் ஆக்சிஜன் பாலத்தை உடைத்துவிடுகின்றன. இங்கேதான் பழைய ஆலைச் சரக்கு உள்ளே வந்தது. பிஸ்பாஸ்போனேட்டில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஒரு கார்பன் அணு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாலத்தை உடைக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில், துணி சோப்பிலும் பல் காரையிலும் கால்சியத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்த மேரியன் பிரான்சிஸ் என்ற வேதியியலாளர் ஃப்ளைஷோடு கைகோத்தார். கூடவே கிரஹாம் ரஸ்ஸல் என்ற இளம் பிரிட்டிஷ் ஆய்வாளர். 1969-ல் ‘சயன்ஸ்’ இதழில் இவர்களின் இரண்டு கட்டுரைகள் வந்தன. முதலாவது, இந்தச் சேர்மங்கள் கால்சியம் பாஸ்பேட் படிகம் வளர்வதைத் தடுக்கின்றன என்றது. அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவது எதிர்பாராதது: இவை எலும்பு கரைவதையும் தடுக்கின்றன.

ஃப்ளைஷ் 1963 முதல் 1967 வரை தலைமை வகித்த ஆய்வகம் மலை நகரான டாவோஸில் இருந்தது. முறிந்த எலும்பைத் தகடும் திருகும் வைத்து இணைப்பதை முறைப்படுத்திய ஏ.ஓ. என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் குழுவின் ஆய்வகம் அது. எலும்புக்குள் உலோகத்தை நிறுத்துவது பற்றிய ஆராய்ச்சியும், எலும்பு கரைவதை நிறுத்தும் மருந்தின் முன்கதையும் ஒரே கட்டடத்துக்குள் நடந்தன. இரண்டும் ஒரே நோயாளியின் உடம்பில் சந்திப்பதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் பாக்கி இருந்தன.

இடிப்பவை, கட்டுபவை

எலும்பு ஒருமுறை கட்டிவிட்டு அப்படியே விடப்பட்ட பொருள் அல்ல. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது. ஓதம் ஏறிய சுவரை இடித்துவிட்டுத்தான் அங்கே புதுச் சுவர் எழுப்ப முடியும். எலும்பிலும் இந்த முறையில்தான் வேலை நடக்கிறது. இடிப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் பெரிய செல்கள். எலும்பின் மேல் அப்பிக்கொண்டு, தன் அடியில் ஓர் இடத்தை அடைத்து, அதற்குள் அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கும். சில வாரங்களில் அது நகர்ந்ததும், கட்டுகிற செல்களான ஆஸ்டியோபிளாஸ்ட்டுகள் வந்து அந்தக் குழியை நிரப்பும். நிரம்பி இறுக மூன்று, நான்கு மாதம் ஆகும். இடிக்கும் வேலை நடந்த இடத்திலிருந்து வரும் சமிக்ஞைகள்தாம் கட்டுபவற்றை அழைத்துவருகின்றன.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இடிக்கும் வேகம் கூடுகிறது. கட்டுவது அதற்கு ஈடு கொடுக்க முடிவதில்லை. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிறது. இதுதான் ஆஸ்டியோபோரோசிஸ். பேச்சு வழக்கில் இதையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்றே சொல்லிவிடுகிறோம். மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. இதில் வலி இருக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போதுதான் பலருக்கு நோயே தெரியவரும்.

பிஸ்பாஸ்போனேட் இந்த இடத்தில் செய்வது தந்திரமான காரியம். விழுங்கிய மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் அதை வழியிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் வெறும் வயிறு, வெறும் தண்ணீர் என்ற கட்டாயம். உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடக் கூடாது என்பதால் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ரத்தத்துக்கு வந்த துளியில் பாதி எலும்பில் போய் ஒட்டும். மீதி சிறுநீரில் வெளியேறும். ஒட்டியது அங்கே சும்மா கிடக்கும். ஆஸ்டியோகிளாஸ்ட் வந்து அமிலம் சுரக்கும்போதுதான் கால்சியத்தின் பிடி விட்டு, அந்தச் செல்லுக்குள்ளேயே போய்விடும். அலெண்ட்ரோனேட், ஜோலெட்ரானிக் ஆசிட் போன்றவை உள்ளே ஃபார்னெசில் பைரோபாஸ்பேட் சிந்தேஸ் என்ற நொதியை முடக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் தலையிடுகிற அதே வேதிப்பாதையில், இன்னும் சில படிகள் தள்ளி இருக்கும் நொதி அது. அது முடங்கினால் செல் தன் வடிவத்தைக் காக்க முடியாமல் செயலிழக்கும். பல சமயம் மடியும். எலும்பைத் தின்ன வந்தது, தின்ற எலும்பாலேயே நிற்கிறது.

மருந்து எலும்பு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை என்பதும் முக்கியம். எங்கே இடிப்பதும் கட்டுவதும் மும்முரமாக நடக்கிறதோ அங்கே அதிகம் சேரும். இந்தக் குணத்தை வைத்தே நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் கோபால் சுப்பிரமணியனும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் எலும்பு ஸ்கேனை வடிவமைத்தார்கள். கதிரியக்க டெக்னீசியத்தை ஒரு பிஸ்பாஸ்போனேட்டோடு கட்டி ஊசியாகப் போட்டால், எலும்பில் வேலை நடக்கும் இடங்கள் படத்தில் கறுத்துத் தெரியும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இன்றும் அதுதான் வழக்கம். அந்தப் படங்களில் தாடையும் அடிக்கடி கறுத்துத் தெரியும். பின்னால் நடக்கவிருந்ததற்கான குறிப்பு அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

எடிட்ரோனேட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அளவு கூடினால் எலும்பு கரைவதோடு, புது எலும்பில் கால்சியம் ஏறுவதையும் அது தடுத்துவிடும். அடுத்த தலைமுறை மூலக்கூறுகளில் நைட்ரஜன் அணு ஒன்றைச் சேர்த்தார்கள். பாமிட்ரோனேட் வந்தது, இத்தாலியின் பிசா நகரிலிருந்த ஜென்டிலி நிறுவனத்திலிருந்து அலெண்ட்ரோனேட் வந்தது. விலங்குச் சோதனைகளில் எடிட்ரோனேட்டைவிட ஜோலெட்ரானிக் ஆசிட்டின் வீரியம் பத்தாயிரம் மடங்கு என்று கணக்கிட்டார்கள். கால்சியம் ஏறுவதைக் கெடுக்காத மிகச் சிறிய அளவிலேயே இடிப்பவற்றை நிறுத்த முடிந்தது.

அலெண்ட்ரோனேட்டை மெர்க் நிறுவனம் வாங்கி, 1995-ல் ஆஸ்டியோபோரோசிஸுக்கு அனுமதி பெற்றது. ஏற்கெனவே முதுகெலும்பு நொறுங்கியிருந்த பெண்களிடம் நடத்திய ஆய்வு 1996-ல் வெளியானது. புதிதாக முதுகெலும்பு முறிவதும் இடுப்பெலும்பு முறிவதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. தினமும் 10 மி.கி. என்றிருந்தது, வாரம் ஒருமுறை 70 மி.கி. என்று ஆனது. 2007-ல் ஆண்டுக்கு ஒரே ஒரு 5 மி.கி. ஜோலெட்ரானிக் ஆசிட், மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் கணிசமானோர் அடுத்த ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை நினைத்தால், இந்த எண்களின் எடை புரியும். பின்வரும் கதையைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மயாமியில் தெரிந்தது, வியன்னாவில் பார்த்தது

2003-ல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ராபர்ட் மார்க்ஸ் என்ற முக, தாடை அறுவை மருத்துவர் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். 36 நோயாளிகள். பல் பிடுங்கிய இடம் ஆறாமல், ஈறு விலகி, தாடை எலும்பு வெளியே தெரிந்தது. அந்த எலும்பு செத்திருந்தது. எல்லோரும் பாமிட்ரோனேட்டோ ஜோலெட்ரானிக் ஆசிட்டோ நரம்பில் ஏற்றிக்கொண்டவர்கள், பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். மறு ஆண்டே நியூயார்க்கிலிருந்து 63 பேரின் விவரம் வந்தது. அதில் ஏழு பேர், ஆஸ்டியோபோரோசிஸுக்காக வெறும் மாத்திரை போட்டவர்கள்.

தாடை மருத்துவர்களுக்கு இந்தக் காட்சி முற்றிலும் புதிதல்ல. 1845-ல் வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர், தீக்குச்சி ஆலைத் தொழிலாளிகளின் தாடை அழுகுவதைப் பதிவு செய்திருந்தார். வெள்ளைப் பாஸ்பரஸ் ஆவியை நாள் முழுக்கச் சுவாசித்தவர்கள் அவர்கள். சொத்தைப் பல்லில் தொடங்கும். தாடை எலும்பு செத்து, சீழ் வழிந்து, அறுத்தெடுக்க நேரும். 1888-ல் லண்டனின் பிரையண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் குறைகளில் இதுவும் ஒன்று. 1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியபோது அந்த நஞ்சு சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. வெள்ளைப் பாஸ்பரஸ் உடம்புக்குள் போய் பிஸ்பாஸ்போனேட் போன்ற சேர்மமாக மாறியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிரூபிக்கப்படாத ஊகம்தான். ஆனால் நோய் இரண்டும் அப்படியே ஒத்திருக்கின்றன.

ஏன் தாடை? பல்லைச் சுற்றியுள்ள எலும்பு மெல்லும் விசையைத் தினமும் வாங்குவதால், அங்கே புதுப்பிக்கும் வேலை மற்ற எலும்புகளைவிட வேகமாக நடக்கிறது. அதனால் மருந்தும் அங்கே சேர்கிறது. மேலே மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. வாயில் பாக்டீரியாக்களுக்குப் பஞ்சமில்லை. சொத்தையும் ஈறு நோயும் அவற்றை நேராக எலும்புக்கே கொண்டுசேர்க்கின்றன. பல் பிடுங்கிய குழியில் அடிபட்ட எலும்பை அகற்ற ஆஸ்டியோகிளாஸ்ட் வேண்டும். அது வராவிட்டால் கெட்ட எலும்பு அங்கேயே நின்று, கிருமிகளுக்கு இருப்பிடமாகும்.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஜோலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. வீதம் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். ஆஸ்டியோபோரோசிஸுக்கு ஆண்டுக்கே 5 மி.கி.தான். கிட்டத்தட்டப் பத்து மடங்கு வித்தியாசம். அமெரிக்க முக, தாடை அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கைப்படி, ஆஸ்டியோபோரோசிஸுக்காக பிஸ்பாஸ்போனேட் எடுப்பவர்களில் பத்தாயிரத்தில் இருவர் முதல் ஐவர் வரைதான் இந்தத் தாடை நோய்க்கு ஆளாகிறார்கள். புற்றுநோய் அளவில் எடுப்பவர்களிடம் அது நூற்றில் சிலர் என்ற கணக்குக்கு ஏறுகிறது. ஒரே மருந்து, ஒரே தாடை. இரண்டு வேறு உலகங்கள்.

டைட்டேனியத்தோடு சந்திப்பு

இனி மற்றொரு பயணி. 1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில், பெர்-இங்வர் பிரோனமார்க் என்ற மருத்துவர் முயலின் காலெலும்பில் டைட்டேனியக் கூடு ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைக் கவனித்துவந்தார். ஆய்வு முடிந்து கூட்டைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965-ல் கோத்தன்பர்க்கில் முதல் மனிதரின் கீழ்த்தாடையில் டைட்டேனியத் திருகுகளை இறக்கினார். இன்று ஊருக்கு ஊர் பல் மருத்துவமனைப் பலகைகளில் காணும் ‘இம்ப்ளான்ட்’ அங்கே தொடங்கியதுதான்.

இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு ஆறும் விதத்தைப் பார்த்தால் இரண்டு பயணிகளும் எங்கே உரசுகிறார்கள் என்பது தெரியும். உப்புநீரைப் பீய்ச்சிக்கொண்டே எலும்பில் துளையிடுகிறார்கள். சூடு 47 டிகிரியைத் தொட்டு ஒரு நிமிடம் நின்றாலே எலும்புக்குச் சேதம். திருகை முறுக்கி இறக்கியதும் அது உறுதியாக நிற்கும். அந்த உறுதி, மரைகள் பழைய எலும்பை அழுத்துவதால் வருவது. அழுத்தம் பட்ட எலும்பு நுண்ணிய விரிசல்களோடு இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் வந்து அதை அப்புறப்படுத்துகின்றன. அதனால் மூன்றாம், நான்காம் வாரத்தில் திருகின் பிடி முதல் நாளைவிடக் குறைகிறது. அதற்குள் புது எலும்பு உலோகத்தின் மேல் வளர்ந்து பிடியை மீட்கிறது. பிரோனமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த வரிசையில் இடிப்பவற்றை நிறுத்தும் மருந்தை வைத்துப் பாருங்கள். பழைய எலும்பின் பிடி தளராமல் நிற்கும், அது லாபம். சேதமான எலும்பு அகலாமலும் நிற்கும், அது நட்டம். எது மேலோங்கும் என்பதை மருந்தின் அளவும் எத்தனை ஆண்டு சேர்ந்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன.

லாபத்துக்கு நல்ல சாட்சி சுவீடனிலிருந்தே வந்தது. லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் பெர் ஆஸ்பென்பெர்க்கும் சக ஆய்வாளர்களும், பாமிட்ரோனேட்டும் இபாண்ட்ரோனேட்டும் கலந்த மெல்லிய புரதப் படலத்தை டைட்டேனியத் திருகின் மேல் பூசினார்கள். 16 பேர், ஒவ்வொருவருக்கும் பூசிய திருகு ஒன்று, பூசாதது ஒன்று. எது எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் பூசிய திருகுகளே அதிகப் பிடிப்போடு இருந்தன. முடிவு 2012-ல் வெளியானது. மார்க்ஸ் கடிதத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், தாடையைக் கொல்வதாகக் குற்றம் சாட்டப்பட்ட மருந்தைத் தாடையிலேயே வைத்து நன்மை காட்டினார்கள். திருகைச் சுற்றி மிகச் சிறிய தூரத்துக்கு மட்டும், மிகச் சிறிய அளவில் அது வேலை செய்ததுதான் வித்தியாசம்.

செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டுகளிலும் இதே கதை. மூட்டின் பிளாஸ்டிக் கிண்ணம் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து பொடி உதிரும்; அந்தப் பொடி அழற்சியைக் கிளப்பி, ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளை வரவழைத்து, உலோகத்தைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். மூட்டு ஆட்டம் காணும். பிரிட்டனில் மூட்டு மாற்றிக்கொண்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், பிஸ்பாஸ்போனேட் ஒழுங்காக எடுத்தவர்களுக்கு மறு அறுவை தேவைப்பட்டது மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இது பதிவுகளைப் பார்த்துச் சொன்னது. மருந்தை ஒழுங்காகப் போடுபவர் உடம்பையும் ஒழுங்காகக் கவனிப்பவராக இருக்கலாம். ஆனால் காரணம் பொருந்துகிறது. இடுப்பெலும்பு முறிந்து ஆணியும் தகடும் வைத்தவர்களைப் பற்றிய பயமும் பெரிதும் விலகியிருக்கிறது. அறுவை முடிந்து மூன்று மாதத்துக்குள் ஜோலெட்ரானிக் ஆசிட் ஏற்றிக்கொண்ட முதியவர்களுக்கு, எலும்பு கூடுவது தாமதமாகவில்லை. இறப்பே 28 சதவீதம் குறைந்திருந்தது.

நட்டத்தின் பக்கமும் உண்டு. பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த சிலருக்கு, பெரிய அடி எதுவும் படாமலே தொடை எலும்பு குறுக்காக முறிவதை 2005 முதல் கவனித்தார்கள். அன்றாட நடையில் உண்டாகும் நுண் விரிசல்களை அகற்ற ஆளில்லாமல் அவை சேர்ந்துபோவதாக நம்பப்படுகிறது. அந்த முறிவில் கம்பி வைத்தாலும் எலும்பு கூடுவதற்கு நாளாகும்.

தாடையில் இம்ப்ளான்ட் தோற்பதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. வழக்கமாகத் தோற்கும் இம்ப்ளான்ட் தளர்ந்து, ஆடி, தனியே கழன்று வரும். மருந்தால் வந்த தாடை நோயில் சிலருக்கு, செத்த எலும்புத் துண்டே திருகோடு சேர்ந்து பெயர்ந்து வருகிறது. திருகு அந்த எலும்பை விடுவதில்லை. இம்ப்ளான்ட் வைத்து ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்து, பிறகு எலும்பு மருந்து தொடங்கியவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பிடிப்பு வேறு, உயிர் வேறு. பிடிப்பைத் தருகிற மருந்து, உயிருக்கான புதுப்பித்தலையும் சேர்த்தே நிறுத்திவிடக் கூடும்.

புது வரவுகள்

2010-ல் டெனோசுமாப் என்ற ஊசி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மி.கி., தோலுக்கடியில். இது எலும்பில் ஒட்டுவதே இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதற்கான சமிக்ஞைப் புரதத்தை ரத்தத்திலேயே மறிக்கிறது. ஊசியின் வேகம் இறங்கியதும் இடிப்பது மறுபடி தொடங்கிவிடும். பல் அறுவைக்கு இது வசதி: கடைசி ஊசி போட்டு மூன்று, நான்கு மாதம் கழித்து வேலையை வைத்துக்கொண்டு, அடுத்த ஊசிக்கு முன் புண் ஆறவிடலாம். ஆபத்தும் இங்கேதான். பல்லுக்காக அடுத்த ஊசியை நோயாளியே தள்ளிப்போட்டால், அடக்கி வைத்திருந்த இடிப்பு ஒரே மூச்சில் கிளம்பி, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கக்கூடும். பிஸ்பாஸ்போனேட்டில் இந்தப் பயம் குறைவு. எலும்பிலிருந்து அலெண்ட்ரோனேட் பாதியாகக் குறையப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதனாலேயே அறுவைக்கு முன் சில வாரம் நிறுத்துவதால் பெரிதாக என்ன கிடைக்கும் என்பதில் நிபுணர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

டெரிபாராடைட் வேறு ஜாதி. இடிப்பதை நிறுத்தாமல் கட்டுவதைத் தூண்டும், தினசரி ஊசி. 2010-ல் ஈறு அறுவை செய்துகொண்ட 40 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆறு வாரம் இதைப் போட்டவர்களின் தாடை எலும்பு மற்றவர்களைவிட நன்றாக வளர்ந்தது. பிஸ்பாஸ்போனேட்டால் வந்த தாடைப் புண்ணுக்கே சில மருத்துவர்கள் இதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

நாற்காலியில் உட்காரும் முன்

பல் மருத்துவரிடம் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விகளுக்கு நாம் பழகிவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றிய மருந்தை யாரும் மருந்தாக நினைவில் வைத்திருப்பதில்லை. வாரம் ஒருமுறை போடுவதை ‘கால்சியம் மாத்திரை’ என்று சொல்லிவிடுகிறோம். எலும்பு மருந்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, கடைசி ஊசியின் தேதி, எதற்காக என்ற நான்கும் ஒரு சீட்டில் இருந்தால் மருத்துவரின் முடிவே மாறும். புற்றுநோய்க்காக மாதாமாதம் ஏற்றிக்கொள்பவருக்கு இம்ப்ளான்ட் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. ஆஸ்டியோபோரோசிஸ் அளவில் எடுப்பவருக்கு இம்ப்ளான்ட் தடையல்ல. ஆபத்து சிறியது, ஆனால் இருக்கிறது என்று சொல்லி, கேட்டு, செய்ய வேண்டியது. கூடவே ஸ்டீராய்டு எடுப்பது, புகைப்பது, கட்டுப்பாடில்லாத சர்க்கரை எல்லாம் கணக்கைக் கனமாக்கும். சி.டி.எக்ஸ். என்ற ரத்தப் பரிசோதனை ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. இன்றைய வழிகாட்டுதல்கள் அதை நம்பச் சொல்வதில்லை.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, எலும்பு மருந்து தொடங்குவதற்கு முன்பே சொத்தையை அடைத்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, ஈறைச் சுத்தம் செய்துகொள்வது. ஆலையில் வேலை பார்த்த நாளிலிருந்தே இந்த மூலக்கூறுக்கு நல்ல எலும்பு, கெட்ட எலும்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அது போய்ச் சேரும்போது வாய் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய நம்மால் முடியும். இடுப்பெலும்பைக் காக்கும் மாத்திரையைத் தாடைக்குப் பயந்து சொந்தமாக நிறுத்துபவர், பத்தாயிரத்தில் ஒரு சிலருக்கு வரும் நோயைத் தவிர்க்கப்போய், அதைவிடப் பல மடங்கு சாதாரணமாக நேரும் இடுப்பு முறிவை வரவழைத்துக்கொள்கிறார்.